மாதத்தில் ஒரு நாள் கேட்கிறோம்

மாவட்டத்தின் மருத்துவப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மனுவின் நகல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோரிக்கையும் அதேதான்: மாதத்தில் ஒரு நாள், கடலூரிலேயே, ஞாபக மறதிக்கென்று ஒரு புறநோயாளிகள் பிரிவு. ஸ்கேன் தேவைப்பட்டால் அதற்கான தேதியை அங்கேயே வாங்கித் தர வேண்டும். இந்த மடலை எழுத வைத்தது போன மாதப் பயணம்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூன்று வருடத்துக்கு முன், சில்லறை எண்ணத் தடுமாறுகிறார் என்று சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் ஒரே வரி: மூளையில் வயதுக்கேற்ற சுருக்கம். "வயசானா மறக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தைராய்டு, பி12 குறைந்தாலும் மறதி வரும். அந்த ரத்தப் பரிசோதனையைக்கூட எழுதித் தரவில்லை.

இப்போது பெட் (PET) ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, மூளை வேலை செய்வதைப் படம் பிடிப்பது அது. பக்கத்தில் கிடைத்த தேதி நாலு மாதம் தள்ளி. சரி, சென்னையில் தனியார் மையத்துக்குப் போவோம் என்று விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். மரக்காணம் தாண்டுவதற்குள் எட்டு முறை காபி கேட்டார். ஏன் கூடாது என்று எட்டு முறையும் சொன்னேன். போய்ச் சேர்ந்தால், "மருந்து வரலை, நாளை மறுநாள் வாங்க." கதிரியக்கம் கலந்த சர்க்கரை அது. 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும், வாங்கி அடுக்கி வைக்க முடியாது. புரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் தாங்காத மருந்தைத் தேடி நாலு மணி நேரம் போகிறவர் எழுபத்து மூன்று வயது நோயாளி.

மறுபடி போனோம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் மங்கிய அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால், பேச்சுக்கு உழைக்கும் பகுதி சர்க்கரையை இழுத்துப் படத்தைக் குழப்பும். அப்பாவோ ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஸ்டேஜ் சொல்லத் தொடங்கிவிட்டார். வரிசை ஒன்றுகூடத் தவறவில்லை. காலையில் எங்கே கிளம்பினோம் என்பது மட்டும் நினைவில்லை. புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில்தான் இந்த அல்சைமர் நோய் முதலில் கை வைக்குமாம். கையைப் பிடித்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். படுக்கை இயந்திரத்துக்குள் நகர்ந்தபோது, "போலாம் ரைட்" என்றார். டெக்னீஷியன் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

1906-இல் அல்சைமர் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தது, இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். இன்று அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் படிவதை உயிருள்ளவர் மூளையிலேயே பெட் ஸ்கேன் காட்டும். மூளையின் காவல் செல்கள் கிளர்ந்தெழுவதையும் படம் பிடித்து ஆராய்ந்து வருகிறார்கள். அமிலாய்டு படியத் தொடங்குவது மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே. 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெக்கனமாப் என்ற மருந்து நோயைச் சற்று மெதுவாக்குகிறது, அதுவும் அமிலாய்டு உறுதியான ஆரம்பகட்டக்காரர்களுக்கு மட்டும். அந்த மருந்தை உங்களிடம் கேட்கவில்லை. அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

நம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். தானே புயல் கரையைக் கடந்த மறுநாள் ஏற்றியிருந்தால் அதற்குப் பெயர் எச்சரிக்கையா? மறதிக்கு மட்டும் கூரை பறந்த பிறகுதான் கூண்டு. செப்டம்பர் 21, உலக அல்சைமர் தினம் வந்தால் பேரணி, பதாகை, தொப்பி எல்லாம் உண்டு. "ஆரம்பத்திலேயே கண்டறிவோம்" என்று எழுதியிருந்தார்கள். எங்கே என்று எழுத மறந்துவிட்டார்கள் போல.

மன்னிக்கவும், மடல் எங்கேயோ போகிறது. மஞ்சக்குப்பத்தில் அந்தக் கதிரியக்க மருந்தைத் தயாரிக்க உதவும் சைக்ளோட்ரான் இயந்திரம் வைக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள், ஒரு நரம்பியல் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஹிப்போகேம்பஸைக் குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரு சீட்டு. பெட் ஸ்கேன் வேண்டுமென்றால் தேதியும், மருந்து வந்துவிட்டது என்ற ஒரு போனும்.

தயவுசெய்து எந்த நாள் என்று சொல்லுங்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்பதை மட்டும் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்டக்டரின் மகள்,
கடலூர்