பந்தியில் விட்ட பேச்சு

காரைக்குடி,
தை மாதம், செவ்வாய் இரவு.

அன்புள்ள நாச்சியப்பா,

இங்கு எல்லோரும் நலம். ஆச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்றாம் பெஞ்சுக்காரன் போன மாதம் பேரனோடு வந்தான். வந்ததும் உன்னைத்தான் விசாரித்தான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆவணியில் கானாடுகாத்தான் கல்யாணப் பந்தியில் பாதி இலையில் நீ எழுந்து போனாய். நானும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பழகியவர்கள் ஐந்து மாதம் பேசாமல் இருந்தது இதுதான் முதல்முறை. போனில் கூப்பிட்டால் விட்ட இடத்திலேயே மறுபடியும் சண்டை பிடித்துக்கொள்ளும் என்று பயந்தேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை நூலகத்தில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, உள்பக்கத்தின் அடியில், கடன் பாக்கிக்காக வங்கி வீட்டை எடுத்துக்கொண்டதைச் சொல்லும் ஒரு சுவாதீன அறிவிப்பில் என் தங்கை மகன் பெயரைப் பார்த்தேன். உன் மகள் வீட்டு முகப்புக்குப் பூக்கல் போட்டுக் கொடுத்தானே, அவன்தான். ஆத்தங்குடியில் வீட்டின் பின்கட்டிலேயே பட்டறை வைத்திருக்கிறான். 2019இல் கொட்டகை போடவும் புது அச்சுகள் வாங்கவும் அந்த வீட்டை அடமானம் வைத்து ஒன்பது லட்சம் கடன் வாங்கினான். மறு வருஷமே ஊரடங்கு வந்தது. வீடு கட்டுகிறவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். பிறகு ஆர்டர் வந்தபோது கல் போட ஆள் இல்லை. தவணை பிந்தியது, அபராத வட்டி ஏறியது. அறுபது நாள் கெடு வைத்து வந்த முதல் நோட்டீசை அவன் யாரிடமும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். அவன் வேலையை நிறுத்தவில்லை. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கரைத்து வைத்திருந்த சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஒவ்வோர் இதழிலும் ஊற்றினான். அச்சை அசங்காமல் தூக்கியபோது ஒரு நிறம்கூட அடுத்ததில் வழியவில்லை. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை அப்பி, மட்டம் பார்த்து ஓரமாக அடுக்கினான். வாசலில் வங்கிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் சிவப்புச் சாயம் பட்ட விரல் தடம் ஒன்று இருந்தது. கிழிக்கப் போய் விட்டுவிட்டான் போலிருக்கிறது. "பேப்பரில் அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் மாமா" என்பதை மட்டும்தான் சொன்னான். செத்துப் பதினோரு வருஷமான மனிதர், 'லேட்' என்ற அடைமொழியோடு அந்தக் கட்டத்துக்குள் இருந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பந்தியில் நாம் கத்தியதெல்லாம் திரும்பி வந்தது. இலவசம் கொடுத்தே தமிழ்நாட்டைக் கெடுத்தார்கள் என்று நீ சொன்னாய். 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைத்தார்களே, அரசே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வரவு போயிற்றே, அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். வங்கிகள் பெரிய முதலாளிகளுக்குக் கடனைத் தள்ளுபடி செய்தன என்றும் சொன்னேன். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் நீ. கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு, நீக்கிய பிறகும் வசூல் நடவடிக்கை தொடரும் என்று திருத்தினாய். நான் ஏற்கவில்லை. பிறகு படித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. 2014 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வங்கிகள் இப்படிக் கணக்கிலிருந்து நீக்கியது 14.56 லட்சம் கோடி. அதில் பாதிக்கு மேல், 7.41 லட்சம் கோடி, பெருந்தொழில்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் கொடுத்தது. நீக்கிய கடன்களிலிருந்து அந்தக் காலத்தில் மீண்டது சுமார் 2.04 லட்சம் கோடிதான். நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு இது. வசூல் தொடரும் என்பது சட்டப்படி உண்மை. வசூலாகிறது என்பதற்கு இந்தக் கணக்கு சாட்சி சொல்லவில்லை. அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் என் மருமகன் பெயரை இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், போட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய பாக்கிக்காரர்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 டிசம்பரில்தான் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்க முடிந்தது.

பத்திரிகைகள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கட்சிப் பத்திரிகை என்பதை விடு. குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் அதை இலவசம் என்று எழுதுகிறார்கள். தொழிற்சாலைக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 1.97 லட்சம் கோடி என்றால் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை என்று எழுதுகிறார்கள். 2008 பட்ஜெட்டில் நம் கண்டனூர்க்காரர் சிதம்பரம் விவசாயிகளுக்கு 60,000 கோடி கடன் நிவாரணம் அறிவித்தபோது, அது கடன் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று நீயும் பேசினாய். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று இன்றும் நான் சொல்லவில்லை. அதே ஒழுக்கத்தைப் பற்றிய தலையங்கம் பெரிய இடத்துக் கடனுக்கு ஏன் அதே குரலில் வருவதில்லை என்றுதான் கேட்கிறேன். ஊக்கத்தொகையே கூடாது என்பதும் என் வாதம் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் சலுகையோடு வந்த செல்போன் தொழிற்சாலை 2014இல் மூடியபோது வேலை இழந்த பிள்ளைகளைப் பார்த்தவர்கள், சலுகை கொடுத்ததற்கு என்ன கணக்கு வாங்கினோம் என்று கேட்பார்கள். தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

உன் பக்க நியாயத்தையும் இந்த ஐந்து மாதத்தில் யோசித்தேன். அரசாங்கம் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தால் என்ன ஆகும் என்பதை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவன் மறக்க முடியாது. பர்மாவில் 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1964இல் கடைகள் வரை ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. உன் ஐயா கப்பலில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் சாவிக்கொத்தும் என்று நீ சொல்வாய். அந்தச் சாவிகள் இன்றும் உங்கள் பெட்டக அறையில் ஆணியில் தொங்குகின்றன. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை, 1969 ஜூலையில் மற்றப் பதின்மூன்று வங்கிகளோடு சேர்த்து அரசு அவசரச் சட்டத்தால் எடுத்தது. 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றதும் நான்கே நாளில் மறுபடியும் அவசரச் சட்டம் போட்டது. இதில் வலுக்கட்டாயம் இருந்தது என்று நீ சொன்னபோது நான் உன்னை முதலாளி வர்க்கம் என்று சொல்லி வாயடைத்தேன். அது தப்பு. கிராமத்துக்கு வங்கி வந்தது நல்லது என்று இன்றும் நம்புகிறேன்; எடுத்த விதம் பற்றி நீ கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

அதே கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. 1930ஐ ஒட்டி நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதால்தான் அந்த நிலங்கள் செட்டிமார் கைக்கு வந்தன. பத்து வருஷத்துக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. உன் ஐயா விரும்பிப் பறித்ததில்லை, வேறு வழியின்றி வந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். வாசலில் காகிதம் ஒட்டியிருந்த வீட்டைப் பார்த்த அன்று, பெயர் தெரியாத அந்தப் பர்மியக் குடியானவனையும் நினைத்துக்கொண்டேன்.

நீ எழுந்து போகக் காரணமான பேச்சுக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளத்தை மத்திய அரசு முடக்கியபோது நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அந்தச் சித்திரத்தை எடுத்துவிடும் நிபந்தனையோடு தளத்தைத் திறக்க மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நீ திருப்பிக் கேட்டாய்: 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய மேல்மா விவசாயிகள் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்ததே, அப்போது உன் வாய் எங்கே போயிற்று? நான் சட்டென்று, ஆறு பேர் மேல் அதைத்தான் திரும்பப் பெற்றுவிட்டார்களே என்றேன். நீ இலையை மூடினாய்.

திரும்பப் பெற்றது எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் என்பது எனக்குத் தெரியும், நாச்சியப்பா. தெரிந்தே சொன்னேன். என் கட்சி ஆட்சி, அவ்வளவுதான் காரணம். 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்புக்காக மதுரையில் தினகரன் அலுவலகத்தைக் கொளுத்தி ஊழியர் மூன்று பேர் செத்தபோதும், கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொன்னேன். கீழ்க் கோர்ட்டில் எல்லோரும் விடுதலையாகி, ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2019 மார்ச் வரை ஆனது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மூன்று வீடுகளைப் பற்றி நான் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. இதுவே 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக விகடன் ஆசிரியரைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியபோதும், 2003இல் இந்து நாளிதழ் ஆசிரியர்களுக்குப் பதினைந்து நாள் சிறை என்று அதே மன்றம் தீர்மானித்தபோதும் நான் கொதித்தேன், தந்தி அடித்தேன், ஊர்வலம் போனேன். அப்போது ஆண்டது என் கட்சிக்கு எதிரான கட்சி. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரத்திலும் இதே கதைதான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி, கணக்கும் வெளியே வந்ததும், ஆறாயிரம் கோடிக்கு மேல் வாங்கிய உன் கட்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி உனக்கு அனுப்பினேன். என் கட்சி ஒரே லாட்டரி நிறுவனத்திடம் 509 கோடி வாங்கியதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

சன், ஜெயா, கலைஞர், நியூஸ் ஜே என்று நம்மூரில் கட்சிக்கொரு தொலைக்காட்சி வந்துவிட்டது. வடக்கே 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குப் போனது. எந்தச் செய்தி எங்கே வராது என்பது நம் இருவருக்குமே மனப்பாடம். இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு செய்தியைப் படித்ததும், செய்தவன் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, செய்தது என்ன என்பதை மட்டும் மறுபடி படிக்கிறேன். ஏழு விவசாயிகளைக் குண்டர் என்று அடைத்தது. ஒரு படத்துக்காகப் பத்திரிகையை மூடியது. வாங்கிய பணத்தைச் சொல்ல மறுத்தது. கையை எடுத்த பிறகும் என் கோபம் அதே அளவில் நிற்கிறதா என்று பார்க்கிறேன். பல நாள் நிற்பதில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

இனி அவசரமான விஷயம். சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போட நாற்பத்தைந்து நாள் இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். நான் பார்ப்பதற்குள் பதினோரு நாள் போய்விட்டது. நோட்டீசில் காட்டியிருக்கும் தொகைக்கும் பையன் வைத்திருக்கும் ரசீதுகளுக்கும் நாற்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் தெரிகிறது. அபராத வட்டியை எப்படிப் போட்டார்கள் என்று வக்கீலுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் பார்த்தால் அரைமணி நேரத்தில் பிடிபடும். அதோடு, ஒரே தவணையில் தீர்வு கேட்டு எழுதலாமா, எவ்வளவு சொன்னால் மேலிடத்தில் ஏற்பார்கள் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். நகைகளைப் பற்றித் தங்கை என்னிடம் பேசிவிட்டாள். அதை எடுக்க விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை பல்லவனில் ஏறினால் ராத்திரியே வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கணக்குப் புத்தகம், ரசீதுகள், நோட்டீஸ் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்; ஊரடங்குக் காலத்து ஐந்து ரசீதுகளில் மட்டும் மை அழிந்திருக்கிறது, உன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா.

உன்,
சேவுகன்