ரத்தம் குத்துறதோட எங்கட வேலை முடியிறேல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்தா ரெண்டு மூண்டு நாளைக்கு பேப்பரெல்லாம் மெடிசின், இன்ஜினியரிங் கிடைச்ச பிள்ளையளின்ட போட்டோதான், பாக்க சந்தோசமாத்தான் இருக்கு, ஆனா மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கப்போற ஒரு பிள்ளையின்ட முகத்த நான் இன்னும் காணேல்ல. அதான் எழுதுறன்.

நான் கொழும்பில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல 17 வருசமா எம்எல்டியா, அதாவது மருத்துவ ஆய்வுகூட தொழில்நுட்பவியலாளரா, வேலை செய்யிறன். வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்ல இருக்கிற சனத்துக்கு நான் இன்னும் "ரத்தம் குத்துற பிள்ளை"தான். ரத்தம் எடுக்கிறதும் நல்ல கைப்பழக்கம் வேணும், அத குறைச்சு சொல்லேல்ல, ஆனா ட்யூப் லேப்புக்கு வந்து சேந்த பிறகுதான் எங்கட வேலை தொடங்குது.

2017 டெங்கு ஆருக்கும் மறந்திருக்காது, அந்த ஒரு வருசத்தில மட்டும் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல. ஒருநாள் நைட் டியூட்டியில ஒரு சின்னப்பிள்ளையின்ட எஃப்பிசி, அதான் ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட், வந்தது, மெசின்ல போட்டா பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற சின்ன அணு, டெங்குவில குறையிறது இதுதான்) 38,000 எண்டு காட்டுது, குறைஞ்சது 150,000 ஆவது இருக்கோணும். தாய் லேப் ஜன்னலடியில நிண்டு "மிஸ் எவ்வளவு, மிஸ் எவ்வளவு" எண்டு கேட்டபடி. அந்த நம்பர அப்பிடியே அனுப்ப எனக்கு மனம் வரேல்ல, ஏனெண்டா பிள்ளையின்ட மற்ற ரிப்போட்டுகள் அதோட ஒத்துவரேல்ல. கண்ணாடியில ஒரு துளிய இழுத்து ஸ்டெயின் பண்ணி மைக்ரோஸ்கோப்பில பாத்தா கரையோரம் முழுக்க பிளேட்லெட் கும்பல் கும்பலா ஒட்டிக்கொண்டு கிடக்கு. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க போட்டிருக்கிற ஈடிடிஏ எண்ட மருந்துக்கு சில பேரின்ட பிளேட்லெட் இப்பிடி ஒட்டும், அந்தக் கும்பல மெசின் பிளேட்லெட்டா எண்ணாது. வார்டுக்கு கோல் பண்ணி ஈடிடிஏக்கு பதிலா சிட்ரேட் எண்ட மருந்து இருக்கிற நீல மூடி ட்யூப்ல திரும்ப எடுப்பிச்சு ஓடவிட்டா 160,000, அந்த ட்யூப்ல 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு மருந்து தண்ணி இருக்கிறதால 1.1 ஆல பெருக்கோணும், அப்ப 176,000. தாய்க்கு விளங்கப்படுத்த எனக்கு சரியா வரேல்ல, "பயப்பிடாதீங்கோ அம்மா, டொக்டர் வந்து சொல்லுவார்" எண்டு மட்டும் சொன்னன், அவ என்ர கைய பிடிச்சுக்கொண்டு விடவேயில்ல.

இதுதான் ஐயா எங்கட வேலை. மெடிசின் கிடைக்காத பிள்ளைக்கு மிச்சமா விழுற கோர்ஸ் இல்ல. கம்பஸுக்கு எடுக்க பாக்கிற இஸட் ஸ்கோர் கொஞ்சம் குறைஞ்சிட்டெண்டு வீட்டில செத்தவீடு மாதிரி இருக்கிற தாய் தகப்பன்மார் இத யோசிக்கோணும். பயோ செஞ்ச பிள்ளைக்கு பேராதெனிய, ஸ்ரீ ஜெயவர்தனபுர, யாழ்ப்பாணம் கம்பஸ்களில நாலு வருச டிகிரி இருக்கு. இங்கிலாந்தில இதே வேலைக்கு பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் எண்டு பேர், அங்கயும் பதிவில்லாம அந்தப் பேர பாவிக்க ஏலாது. நைட் டியூட்டி இருக்கு, நிண்டு நிண்டு கால் வீங்கும், அதையும் சொல்லித்தான் விடோணும்.

இனி நான் எழுத வந்த மெயின் விசயம். என்ர அக்காட மகள் கொழும்பில ஒரு பிரைவேட் இடத்தில லேப் கோர்ஸ் எண்டு காசு கட்டி ஒரு வருசம் படிச்சவ, சேட்டிபிக்கட்டும் தந்தவங்கள், பிறகுதான் தெரியும் அத வச்சு இலங்கை மருத்துவ கவுன்சில்ல எம்எல்டியா பதிய ஏலாதெண்டு. "சேரேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே சித்தி" எண்டு என்ர மடியில படுத்து அழுதவ. அக்கா சீட்டு எடுத்து கட்டின காசு அது. பொரளையில எம்ஆர்ஐ எண்ட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1900இல இருந்து இருக்கு, லேப் வேலை இந்த நாட்டுக்கு புதுசில்ல, ஆனா எந்தக் கோர்ஸ் செஞ்சா பதியலாம், எது செஞ்சா ஏலாது எண்டு தமிழில விளங்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதின ஒண்டும் என்ர கண்ணில படேல்ல. அடுத்த ரிசல்ட்ஸ் வரேக்க அந்த ஒரு பக்கத்த நீங்க போடோணும் ஐயா. காசு கட்ட முதல் கவுன்சிலுக்கு ஒரு கோல் எடுத்து கேக்கச் சொல்லி பெரிய எழுத்தில போடுங்கோ.

அக்காட மகள் இப்ப திரும்ப ஏஎல் எடுக்க படிக்கிறா. கெமிஸ்ட்ரி நான்தான் இரவில சொல்லிக்குடுக்கிறன்.

இப்படிக்கு,
ஒரு எம்எல்டி,
கொழும்பு 6.