டிஸ்ட்ரிக்ட் விரிவாக்கமும் நகர மன்றத்தின் சம்மதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெக்சாஸில் ஒரு மேனேஜ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் வசதிகளுக்காக அங்கே வரி வசூலிக்கும் சிறப்பு அமைப்பு) தன் எல்லைக்குள் புது நிலத்தைச் சேர்க்க நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மாநில உள்ளாட்சிச் சட்டத்தின் 375ஆம் அத்தியாயம் இதைச் சொல்கிறது. பல ஊர்களில் இந்த ஒப்புதல், விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேறும் பட்டியலோடு போய்விடுகிறது. நம்மவர்கள் பலர் இங்கே வீடு வாங்குவதால் இதை எழுதுகிறேன்.

நில உரிமையாளரின் மனுவோடு சர்வேயரின் எல்லை விவரமும் வரைபடமும் வரும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கோணங்களையும் நீளங்களையும் வரிசையாகப் போட்டால் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, வரைபடமும் எழுத்தும் முரண்பட்டாலோ, எந்த மனைக்கு வரி உண்டு என்பதே பின்னால் தகராறாகும். ஏக்கர் கணக்கு தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். 'ஒட்டியுள்ள நிலங்களும்' என்ற சொல்லுக்கு அதில் இடமே கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் வரி. தனி வீடுகளுக்கும், நான்கு குடியிருப்புகள் வரையுள்ள கட்டடங்களுக்கும் இந்த அத்தியாயம் விலக்கு தருகிறது. ஆனால் வாக்காளர்கள் அனுமதித்த வரிக்கு அந்த விலக்கு கிடையாது. வெற்று நிலத்தில் வாக்காளர் யார்? நிலத்தை மேம்படுத்தும் நிறுவனம் குடியமர்த்திய இரண்டு மூன்று பேர் வாக்களித்து, பல கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கும் அவற்றை அடைக்கும் வரிக்கும் அனுமதி தருவது டெக்சாஸின் சிறப்பு டிஸ்ட்ரிக்டுகளில் பழகிப்போன வழி. சட்டப்படி சரியென்றாலும், பிறகு வீடு வாங்குபவருக்கு இது நியாயமில்லை. 100 டாலர் மதிப்புக்கு 50 சென்ட் வரி என்று வைத்துக்கொண்டால், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். நகரம், கவுண்டி, பள்ளி வரிகளெல்லாம் இதற்கு மேல்.

'பிடிக்காவிட்டால் பிறகு கலைத்துவிடலாம்' என்பார்கள். முழுதும் நகருக்குள் இருக்கும் டிஸ்ட்ரிக்டை மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் கலைக்கலாம்தான். ஆனால் கடன் பத்திரம் பாக்கி இருக்கும்வரை அது நடக்காது. அதனால் கடன் உச்சவரம்பு, அதிகபட்ச வரி விகிதம், புது நிலத்தின் வடிகாலையும் தெருவிளக்கையும் யார் பராமரிப்பது என்பதையெல்லாம் சம்மதம் தருவதற்கு முன்பே ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வெளியாகிவிடும். அதிலுள்ள எந்தப் பொருளைப் பற்றியும் மன்றம் முடிவெடுக்கும் முன் பேச, 2019இல் வந்த சட்டத் திருத்தம் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் விரிவாக்கத்தை மொத்தப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியே விவாதிக்கச் சொல்லி உங்கள் பகுதி உறுப்பினருக்கு அன்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சாஸ்