அப்பாவுக்கு, பிளக் கேப் பற்றி

எலிசபெத், அடிலெய்டு
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே ஆகஸ்டில்தான் குளிர். காலையில் ஸ்பானரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. அரிசி, புளி, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கிறது, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், "அங்கே அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டீர்கள். இந்த வாரம் பார்த்த ஒரு வேலையை எழுதுகிறேன். வீட்டில் உங்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

இந்த ஊர் ஹோல்டன் கார் ஃபேக்டரிக்குப் பேர்போனது. 2017 அக்டோபர் 20-ஆம் தேதி அதை மூடினார்கள். அதோடு ஆஸ்திரேலியாவில் கார் செய்வதே நின்றுபோனது. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தன் ஹோல்டன் கமோடோர் காரைக் கொண்டு வந்தார். 2001-ஆம் வருஷத்து வண்டி, 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், மேலே சூப்பர்சார்ஜர். நம் லாரிகளில் டர்போ பார்த்திருக்கிறீர்கள், அது புகையின் வேகத்தில் சுற்றும். இது கிராங்கிலிருந்து வரும் பெல்ட்டில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். பெரியவர் இன்னும் பிக்கப் வேண்டும் என்று சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி மாட்டியிருந்தார். அதிலிருந்து ஸ்லோவில் நன்றாக ஓடுகிறது, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மிஸ்ஸிங் அடிக்கிறது, எஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது.

பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் ஆறும் புதிதாக வாங்கி, நடு ஊசிக்கும் சைடு கம்பிக்கும் இடையே கம்பெனி சொன்ன 1.5 மி.மீ. கேப் வைத்து மாட்டினேன். அதே மிஸ்ஸிங். அன்று இரவு தூக்கமே இல்லை. நம் கடையில் பழைய யெஸ்டி வந்தால் நீங்கள் ஆக்சா பிளேடை பிளக்கில் நுழைத்துப் பார்த்து, "காயில் கிழடாகிவிட்டது, கேப்பைக் குறை" என்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

பிளக்குக்கு வோல்ட் கொடுக்கும் காயில் இங்கே கிழடு இல்லை, நல்ல காயில்தான். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே கேப்பைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது பொறி விழாது, இல்லாவிட்டால் ஒயரின் உறையைத் துளைத்துக்கொண்டு வேறு வழியில் போய்விடும். கேப்பைக் குறைத்தால் அதே காயில் போதும். அதற்காக ரொம்பவும் நெருக்கிவிடக் கூடாது, பொறி சின்னதாகி ஸ்லோவில் நடுங்கும். நான் 0.9-இல் நிறுத்தினேன்.

பிளக்கையும் மாற்றினேன். கூடுதல் காற்று என்றால் கூடுதல் சூடு. பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 500 முதல் 850 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கார்பன் அடைக்கும், மேலே போனால் பொறி விழும் முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால் ஒரு படி குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கடத்திவிடுவது. என்ஜிகே கம்பெனி பிளக்கில் 5 இருந்த இடத்தில் 6 போட்டேன். அதில் எண் ஏறினால் குளிர்ச்சி. நம் மைக்கோவின் தாய்க் கம்பெனி பாஷில் இது தலைகீழ், எண் ஏறினால் சூடு. பெட்டியை மாற்றிப் படித்தால் எஞ்சின் போய்விடும் என்பதால் இரண்டு தடவை படித்தேன். இரிடியம் வேண்டாம் என்று சாதாரண நிக்கல்தான் எடுத்தேன். இரிடியத்தின் நடு ஊசி அவ்வளவு மெல்லிசு, கேப் வைக்கும்போது அதில் அளக்கும் கேஜ் பட்டாலே உடையலாம். எதுவானாலும் சைடு கம்பியை மட்டும்தான் வளைக்க வேண்டும். நடுவை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். இது நீங்கள் எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தது.

பழைய பிளக் ஆறையும் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நல்ல பிளக்குக்கு நீங்கள் சொல்லும் பால் டீ நிறம் ஒன்றில்கூட இல்லை, எல்லாம் வெளுத்திருந்தன. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்றில் நடு தேய்ந்திருக்கிறது, மூன்றில் சைடு கம்பி தேய்ந்திருக்கிறது! இந்த எஞ்சினில் ஆறு பிளக்குக்கு மூன்றே காயில். ஒரு காயில் ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கில் பொறி விடும். ஒன்றில் நடுவிலிருந்து சைடுக்குத் தாவும், மற்றதில் சைடிலிருந்து நடுவுக்கு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தேய்மானத்தை நாம் பார்த்ததில்லையே அப்பா.

வியாழக்கிழமை பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் போனேன். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஒரு மிஸ்ஸிங் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு உங்கள் நினைப்புதான்.

தை மாதம் மாமா மகன் ஊருக்கு வருகிறான். ஒரு நல்ல ஒயர் கேஜ் கொடுத்தனுப்புகிறேன், இனி ஆக்சா பிளேடு வேண்டாம். பழைய பிளக்கில் இரண்டும் கூட வரும், நடு தேய்ந்தது ஒன்று, சைடு தேய்ந்தது ஒன்று. லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அன்பு மகன்