எண்பத்து நாலு

திருச்சி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மெஸ் செகரட்டரிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டுக்குக் கடிதம் என்று வருவது இப்போதெல்லாம் பேங்க் நோட்டீஸும் உன் கவரும்தான் என்று தபால்காரரே சொல்லிச் சிரித்தார். உன் பெண் பிளஸ் டூ கணக்கில் 98 வாங்கினதைப் படித்ததும் எனக்குக்கூடக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது யார்? அந்தக் கோடை விடுமுறையை அவள் மறந்திருப்பாள், நான் மறக்கவில்லை. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்கு டிமிக்கி கொடுக்க மட்டும் விடாதே.

கடைசி வரியில் "அது என்னடி ஆச்சு?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ அழுவாய், அப்புறம் நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் ஸ்கூல் நோட்டிலிருந்து பேப்பர் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சை மூன்றாவது தடவையும் பலிக்கவில்லை.

முதல் தடவை ஆறு முட்டை எடுத்தார்கள். நாலு கரு ஆனது, இரண்டை வைத்தார்கள். பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை மூன்று முட்டை, அதில் ஒன்றே ஒன்று ஐந்தாம் நாள் வரைக்கும் வளர்ந்தது. அந்தத் தடவைதான் கர்ப்பம் தங்கியதா என்று ரத்தத்தில் பார்க்கிற பீட்டா 46 என்று வந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். நல்லபடியாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்க வேண்டும். 21 என்று வந்தது. நடுவில் இருந்த இரண்டு நாள் நான் கர்ப்பிணிடி. ஸ்கூட்டியைத் தொடவில்லை. பஸ் வேகத்தடை ஏறும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். கூடாது என்று டயட் லிஸ்டில் போடாவிட்டாலும் பப்பாளிக்காரர் வண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட மனசு வராமல் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தும் இருக்கலாம்.

மூன்றாவது தடவை கிடைத்தது ஒரே ஒரு முட்டை, அதுவும் கருவாகவில்லை. மறுநாள் லேபிலிருந்து போன் வந்தபோது ஒன்பதாம் வகுப்புக்கு ஹெரான் சூத்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டதால் மயக்க ஊசி போட்ட மறுநாளே பள்ளிக்கு வந்திருந்தேன். வராந்தாவில் நின்று "சரி மேடம், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மிச்சக் கணக்கை முடித்தேன். போர்டில் ஒரு இடத்தில் வர்க்கமூலம் போட மறந்திருக்கிறேன். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து சொன்னான்.

வெளியே தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளைத் தின்கின்றன. முட்டை வளர்வதற்குத் தினமும் போடுகிற ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் பிரிட்ஜில் அது கச்சிதமாக உட்கார்ந்த இடம், கதவில் முட்டை வைக்கிற குழி. முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராத்திரி எட்டு மணி ஊசி தள்ளிப்போகக் கூடாது என்பார்கள். கரூரில் அவருடைய அத்தை பேத்தி ரிசப்ஷனுக்கு ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை எடுத்துப் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் காரில், செல்போன் வெளிச்சத்தில், அவர் என் வயிற்றில் ஊசி போட்டார். வீட்டில் ஒரு கரப்பான் பூச்சியை அடிக்கக்கூடத் தயங்குகிற மனுஷன். உள்ளே போனதும் மேடையில் ஒரு பெரியம்மா, "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். பட்டுப்புடவைக்கு அடியில் ஊசி போட்ட இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கோபத்தை உன்னிடம்தான் கொட்ட முடியும். முதல் தடவை ஆகாமல் போனதும் கர்ப்பப்பை உள்சுவரைக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று சொல்லி அதற்குத் தனியாக ஒரு பில் போட்டார்கள். வலி பொறுக்க முடியவில்லை. 1,300 பெண்களுக்கு மேல் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019லேயே வெளிவந்து, கீறினவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டது. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. டாக்டர் கெட்டவர் இல்லை, பொறுமையாகப் பேசுவார். ஆனால் அந்த இடத்தில் "போதும்" என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வராது. ரிசப்ஷனில் அடுத்த பேக்கேஜ் அட்டையைத்தான் நீட்டுவார்கள். மூன்று தடவைக்கும் சேர்த்து ஏழு லட்சத்துக்குப் பக்கம் போயிருக்கிறது. நகைக் கடனுக்கு வட்டி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையைச் சொன்னால் மூன்றாவது தடவைக்கு நான் போனது நம்பிக்கையால் இல்லை. பாதியில் விட்டவள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயத்தால்தான். வேறு யாரும் சொல்லாவிட்டாலும் பத்து வருஷம் கழித்து நானே என்னைச் சொல்லிக்கொள்வேனோ என்று இருந்தது. "கடைசியாக ஒரு தடவை" என்பது இருக்கிறதே, அது சீட்டாடுகிறவர்கள் வாயில் வருகிற பேச்சு. அவர்கள் வீட்டுக்காரிகள் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டாக்டர் சொல்வது தானமுட்டை. "கர்ப்பப்பைக்கு அவ்வளவு சீக்கிரம் வயசாகாதும்மா, முட்டைக்குத்தான் வயசாகும்" என்றார். இளம் பெண்ணின் முட்டை என்றால் பலன் அவள் வயசுக்கு ஏற்ற மாதிரி இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 2021ஆம் வருஷச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தையும் தேடிப் படித்தேன். கொடுக்கிற பெண்ணுக்கு 23க்கு மேல் 35க்குள் வயசு இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, காசுக்கு விற்கக் கூடாது, அவளுக்கு ஒரு வருஷம் இன்ஷூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். எழுத்தில் எல்லாம் சரிதான். ஆனால் யாரென்றே தெரியாத எனக்காக, பத்துப் பன்னிரண்டு நாள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஏன் வருகிறாள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. 2022ல் ஈரோட்டில் 16 வயசுப் பெண்ணின் கருமுட்டையை அவள் அம்மாவே விற்ற வழக்கு ஞாபகம் இருக்கிறதா? என் வகுப்பில் அந்த வயசில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! தானமாக வாங்கிப் பெற்றுக்கொண்டவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களில் ஒருத்தி என் சக டீச்சர், அவள் பையன் ராஜா மாதிரி இருக்கிறான். எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ அனுப்பிய திருக்கருகாவூர் நெய்யை 48 நாளும் ஒரு நாள் தவறாமல் எனக்கு எடுத்து வைத்தவர் அவர்தான். மூன்றாவது தடவையும் ஆகவில்லை என்றதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போதும்டா, உடம்பை ரணமாக்கிக்காதே" என்றார். ஆஸ்பத்திரியில் யாருமே சொல்லாத அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது மடியில் படுத்து அழுதேன். அடுத்த வாரமே கொழுந்தனாரின் இரண்டாவது பையனை சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சை ஆரம்பித்தார். 1956ஆம் வருஷ இந்து தத்தெடுப்புச் சட்டப்படி கொடுத்து வாங்கிக்கொண்டு ஒரு பத்திரத்தைப் பதிவு செய்தால் முடிந்தது என்று தெரிந்த வக்கீல் ஒருவரும் சொல்லிவிட்டார். ஓரகத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படியில் போய்ப் பையனுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் போதும் என்ற பிறகும். அன்றைக்கு ராத்திரியே நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது மாமியார் கேட்டார்: "அப்ப தொட்டில்ல போடுற குழந்தைங்கதான் நிறைய இருக்குமே?" பெற்றவர்கள் வேண்டாம் என்று விடுகிற பெண் குழந்தைகளுக்காக 1992ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்த சேதி அவர் மனசில் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு நிலவரம் தலைகீழ். கைக்குழந்தை கேட்டுப் பதிந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். எல்லாம் 'காரா' என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தின் வெப்சைட் வழியாகத்தான். பதிவு செய்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எங்களையும் வீட்டையும் பார்த்து அறிக்கை எழுதுவார். முறை வரும்போது குழந்தையின் போட்டோவும் மருத்துவ விவரமும் வரும். சம்மதமா இல்லையா என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு தீபாவளிப் புடவைக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்குவேன் என்று உனக்குத் தெரியும். கடைசி ஆணையை முன்பெல்லாம் கோர்ட்டில் கொடுப்பார்கள், 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே கொடுக்கிறார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு டீச்சருக்கே வந்து மாட்டியிருக்கிறது பார். இரண்டு வயசுக்குள் குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயசைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 40, அவருக்கு 44, ஆக 84. வருஷம் ஒன்று போனால் வயசு ஒன்று கூடும் என்பது தனி ஆள் கணக்கு. எங்களுக்கு இரண்டு கூடும். ஆவணியில் அவருக்குப் பிறந்தநாள், ஐப்பசியில் எனக்கு. இன்னொரு தடவை ஊசி, ஓய்வு, காத்திருப்பு என்று இறங்கினால் 86ல் வந்து நிற்போம். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு எனக்கு வந்த படபடப்பு இருக்கிறதே, ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்த அதே படபடப்பு. இங்கேயும் வந்து ஓட ஆரம்பித்துவிட்டோமே என்று இருந்தது.

அவர்தான் அந்த விதியை மறுபடியும் வாசித்தார். இரண்டிலிருந்து நாலு வயசுக் குழந்தைக்கு 90 வரைக்கும் போகலாம். நாலிலிருந்து எட்டு என்றால் 100. "எதுக்கு அவசரம்? கொஞ்சம் பெரிய பிள்ளையா வரட்டுமே" என்றார். எனக்கு உடனே ஒப்பவில்லை. மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கிற குழந்தையைத்தானே இத்தனை வருஷம் கண்ணில் வைத்திருந்தேன். மூன்று வயசுக் குழந்தை என்றால் அதற்கென்று பிடித்த பிஸ்கட் ஒன்று இருக்கும். தூக்கத்தில் யாரையோ கூப்பிடும். அது யார் என்று எனக்குத் தெரியாது. வேற்று மாநிலமாக இருந்து ஒடியா பேசிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நான் கத்துக்கிறேன்" என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என் அப்பாவிடம் ஒரு வாக்கியம் தெலுங்கு பேசாத மனுஷன்.

இதற்கு நடுவில் எதுவும் வேண்டாம், இப்படியே இருந்துவிடலாமா என்றும் ஒரு மாசம் யோசித்தோம். ஸ்ரீரங்கத்துச் சித்திக்குக் குழந்தை இல்லை. எழுபத்தொரு வயசில் காலையில் கொள்ளிடக் கரையில் நடக்கிறாள், மாலையில் நாலு பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன், யாரிடமும் ஒன்றுக்கும் போய் நிற்பதில்லை. அவளைப் பார்த்தால் இதில் என்ன குறை என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு அதுவும் சம்மதமே. எனக்குத்தான் ஆசை விடவில்லை. ஆசை விடாததை ஒத்துக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை.

ஆக, நிலவரம் இது. ஊசி இனி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆஃபர் என்று போன் வந்தது, பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். காலாண்டுப் பரீட்சை லீவில் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம், இரண்டிலிருந்து நாலு வயசு, ஆணோ பெண்ணோ, எந்த மாநிலமானாலும் சரி. ஐப்பசிக்கு முன்னால் ஓட வேண்டிய அவசரம் இல்லை. நடுவில் எனக்கு மனசு மாறினால் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். மாறக் கூடாது என்று சத்தியம் எல்லாம் வாங்காதே. பிரிட்ஜ் கதவில் முட்டையைத் திரும்ப அடுக்கியாகிவிட்டது. உன் நெய் டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை வரும்போது எடுத்துப் போ.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். சமூகப் பணியாளர் எங்களை நன்றாகத் தெரிந்தவர்களிடமும் விசாரிக்கலாம் என்கிறார்கள். நான் உன் பேரைக் கொடுக்கப் போகிறேன். போன் வந்தால் உள்ளதைச் சொல், எனக்குக் கோபம் வரும் என்பதையும் சேர்த்தே சொல். ஹாஸ்டலில் நூற்றிருபது பேருக்கு நான் கிண்டிய அந்தச் சேமியா உப்புமாவை மட்டும் சொல்லிவிடாதே. குழந்தைக்குச் சாப்பாடு போடுவேனா என்று சந்தேகப்பட்டு ஃபைலை மூடிவிடப் போகிறார்கள்.

உன்,
பதினேழாம் நம்பர் ரூம்