மணல் போன வழி

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் பேசும்போது, விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் குழாய் போட்டு மணலைக் கொட்டுகிறார்கள், கடற்கரைக்கே எதற்கு மணல் என்று கேட்டாய். குழந்தை அழுததில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பதில் நம்ம ராயபுரத்திலேயே இருக்கிறது. எழுதினால்தான் சரியாகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்தேன்.

நீ சின்ன வயதில் பார்த்த ராயபுரம் கரை முழுக்கக் கருங்கல். என் ஆயா அதே இடத்தில் கட்டுமரங்களை வரிசையாக ஏற்றிவிட்டு, மிச்ச மணலில் வலை காயப்போட்டதைச் சொல்லுவாள். சின்னப் பையனாக இருந்தபோது நான் அதை நம்பவில்லை.

நம்ம பக்கம் மணல் ஓரிடத்தில் நிற்காது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை தெற்கிலிருந்து வரும் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். ஒரு பக்கம் அலை எடுத்துப் போகும், இன்னொரு பக்கம் புதிதாக வந்து சேரும். அந்த வரவு செலவில்தான் நம்ம கரை நின்றது.

மெட்ராசுக்கு ரொம்பக் காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும் என்று பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அதை ஓட்டியவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். ராயப்பர், அதாவது புனித பேதுரு கோயில் அவர்களுடையது, ஊருக்குப் பெயர் வந்ததும் அந்த ராயப்பரால்தான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நம்ம ஸ்டேஷனிலிருந்து கிளம்பியபோதுகூட, கப்பலில் வந்தவர்களைக் கரை சேர்த்தது இவர்கள் துடுப்புதான்.

அப்புறம் 1876-ல் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். கப்பல் பத்திரமாக நிற்க இடம் கிடைத்தது, நிறையப் பேருக்கு வேலையும் கிடைத்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்கே கரை அகன்றுகொண்டே போனது. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது, இன்றைக்கு அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்! மெரினா இத்தனை அகலமாகக் கிடப்பதும் அதனால்தான்.

சுவருக்கு வடக்கே இருந்த நமக்கு வரவு நின்றுபோனது, செலவு நிற்கவில்லை. அலை தன் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தது. முதலில் மணல் போனது, பிறகு குப்பத்து வீடுகள் போயின. கடைசியில் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை குப்பம் குப்பமாக இதே கதைதான். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றபடி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இதில் கொஞ்சம் நமக்கு வரவேண்டிய மணல் என்று எனக்குத் தோன்றும். உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை.

விசாகப்பட்டினமும் இதே கிழக்குக் கரைதான். அங்கேயும் துறைமுகத்துக்கு வடக்கேதான் ஆர்.கே. கடற்கரை. தெற்கே தேங்குவதைத் தூர்வாரி எடுத்து வடக்கே கொட்டுகிறார்கள், அலை செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. நமக்கும் அப்படி ஒரு குழாய் அந்தக் காலத்திலேயே வந்திருந்தால் ஆயாவின் மணல் மிஞ்சியிருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போ. கொட்டிய மணலில் ஓர் இடத்தை அடையாளம் வைத்துக்கொள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி போய்ப் பார்த்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா