பேப்பர் தடிமனா இருக்கணும், எழுத்து பெருசா இருக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிட்டயர் ஆனவங்க வீட்ல பொழுத எப்படிப் போக்கறதுன்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா வாக்கிங், யோகா, கோயில், மாடித்தோட்டம்னு விலாவாரியா எழுதிட்டு கடைசில கலரிங் புக் வாங்கலாம், லேசான கதைப் புத்தகம் படிக்கலாம்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. எந்தப் புக்கு, எதப் பாத்து வாங்கறதுன்னு ஒண்ணும் இல்ல. 60, 70 வயசுக்காரங்களுக்கு வாங்கும்போது அதானே முக்கியம், பொருந்தாத புக்க வாங்கிக் கொடுத்தா ரெண்டு பக்கம் பாத்துட்டு "எனக்கு இதெல்லாம் வராதும்மா"ன்னு மூடி வெச்சிடுவாங்க, நாமளும் அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னு நெனச்சு விட்டுடுவோம், உண்மைல அந்தப் புக்கு அவங்க கண்ணுக்கும் கைக்கும் ஒத்து வரல, அவ்ளோதான். அதப் பத்திதான் எழுத வந்தேன்.

கலரிங்னா சின்னப் பிள்ளைங்க வேலைன்னு நெனைக்கறவங்க இன்னும் நெறைய பேர் இருக்காங்க. 2013ல ஸ்காட்லாந்து ஓவியர் ஜோஹானா பாஸ்ஃபோர்டோட தோட்டம் பத்தின கலரிங் புக் வந்ததுக்கு அப்புறம் இது உலகம் முழுக்க பரவிடுச்சு, 2016 வாக்குல கலர் பென்சிலுக்கு வந்த டிமாண்டுல ஃபேபர் காஸ்டெல் கம்பெனி ஜெர்மனில எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் போட்டு ஓட்ட வேண்டி வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே, 2005ல அமெரிக்காவுல 84 காலேஜ் பசங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. மொதல்ல எல்லாரையும் கொஞ்சம் பதட்டப்பட வெச்சிட்டு, ஒரு குரூப்புக்கு மண்டலா படம் (வட்டத்துக்குள்ள அடுக்கடுக்கா வர்ற டிசைன்), இன்னொரு குரூப்புக்கு கட்டம் போட்ட டிசைன், மூணாவது குரூப்புக்கு வெறும் வெள்ளப் பேப்பர் கொடுத்து 20 நிமிஷம் கலர் பண்ணச் சொன்னாங்க. படமும் கட்டமும் வாங்கினவங்களுக்கு பதட்டம் நல்லா கொறஞ்சது, வெள்ளப் பேப்பர்காரங்களுக்கு அப்படிக் கொறையல. ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா மனசு அதப் புடிச்சிக்கிட்டு போகுது, என்ன வரையறதுன்னு யோசிக்க வேண்டியதில்லன்னு நான் புரிஞ்சிக்கிட்டேன். அதுக்காக இது ட்ரீட்மெண்ட்னு யாரும் எடுத்துக்க வேண்டாம், தூக்கமே வராம மனசு ஒடைஞ்சு இருக்கறவங்கள டாக்டர்கிட்ட தான் கூட்டிட்டுப் போகணும்.

எங்க அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு, சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தினதுக்கு அப்புறம் பென்சில் பாக்ஸ தொறந்து ஊதாவ ஒரு கைலயும் நீலத்த ஒரு கைலயும் வெச்சிக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தாங்க, "ரெண்டும் வேற வேறயா தெரியுதுடி"ன்னு அவ்ளோ சந்தோஷம். வயசாக ஆக கண்ணுல இருக்கற லென்ஸ் பழுப்படிச்சு நீல வெளிச்சத்த தடுத்துடும், புது லென்ஸ் வெச்சதும் நீலம் பளிச்னு உள்ள வரும், அதான் காரணம். கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச அம்மா அப்பா யாராச்சும் வீட்ல இருந்தா, டாக்டர கேட்டுட்டு ஒரு கலர் பென்சில் பாக்ஸ் வாங்கிக் கொடுங்க.

இனி வாங்கற விஷயம். அட்டைப் படத்த பாத்து வாங்காதீங்க, நடுப் பக்கத்த விரிச்சுப் பாருங்க. மொத விஷயம் பேப்பர். பேப்பர் கனத்த ஜிஎஸ்எம்னு சொல்வாங்க, அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு கணக்கு. நாம ஜெராக்ஸ் எடுக்கற பேப்பர் 70, 75 ஜிஎஸ்எம் தான் இருக்கும், நெறைய கலரிங் புக்கு கிட்டத்தட்ட அதுலயே அடிச்சு வருது, அதுல ஸ்கெட்ச் பேனா வெச்சா மறுபக்கம் ஊறிடும், மறுபக்கத்துலயும் படம் இருந்துச்சுன்னா ரெண்டு படமும் போச்சு. 120க்கு மேல இருந்தா நல்லது, ஆனா அட்டைல ஜிஎஸ்எம் போட்டிருக்கறது அபூர்வம், அதனால ஒரு தாள தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பின்பக்கக் கோடு தெளிவா தெரிஞ்சா வெச்சிட்டு வந்துடுங்க. ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச புக்கா இருந்தா இன்னும் சௌகரியம். அப்புறம் பைண்டிங், கம் போட்டு ஒட்டின புக்கு விரிச்சா நிக்காது, நடுவுல இருக்கற படத்துக்குக் கை போகாது, ஒரு கையால அமுக்கிட்டே கலர் பண்ணணும், மூட்டு வலி இருக்கறவங்களால அது முடியுமா? ஸ்பைரல் போட்டது தான் சரி.

அதுக்கப்புறம் படம். மண்டலா புக்குன்னு விக்கறதுல பாதி எள்ளு எள்ளா கட்டம் இருக்கு. 25 வயசுக் கண்ணுக்கு அது அழகு, 70 வயசுக்கு தண்டனை. சுண்டு விரல் நுனி உள்ள அடங்கற அளவுக்காவது எடம் இருக்கணும், கோடு தடிப்பா இருக்கணும், நான் கடைல விரல வெச்சே பாத்துடுவேன். பென்சில்ல மெழுகு கலந்த சாஃப்ட் பென்சில் நல்லது, அழுத்தாமலே கலர் எறங்கும். குண்டு முக்கோணப் பென்சில் இருக்கு பாருங்க, எல்கேஜி பிள்ளைங்களுக்குன்னு விக்கறது, வெரல் மடங்காதவங்களுக்கு அது ரொம்ப உதவி, அதக் கொடுக்க வெக்கப்பட வேண்டாம்.

எனக்கு ஆதங்கம் எங்கன்னா, இவ்ளோ தேடி வாங்கினாலும் உள்ள இருக்கறது எல்லாம் ஐரோப்பா பூவும் ஆந்தையும் தான். நம்மகிட்ட என்ன இல்ல? கோல நோட்டு வெச்சிருக்காத வீடு உண்டா, நேர்ப்புள்ளி, இடுக்குப் புள்ளி, சிக்குக் கோலம்னு நம்ம பாட்டிங்க கை தானா போடுமே, முட்டி வலியால வாசல்ல உக்காந்து எந்திரிக்க முடியாதவங்க எத்தனை பேர், அவங்க டேபிள்ல வெச்சு கலர் பண்ற மாதிரி ஒரு பெரிய கோலப் புக்கு இருந்தா எப்படி இருக்கும்! மார்கழிக்கு வர்ற கோலப் புக்கெல்லாம் பாத்துப் போடறதுக்கு, கையகல சைஸ்ல, மெல்லிசு பேப்பர்ல வருது, அதுல கலர் பண்ண முடியாது. ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன், காஞ்சிபுரம் பார்டர்ல வர்ற அன்னம், மயில், சித்தன்னவாசல் கூரைல இருக்கற தாமரைக் குளம், அதுல மீன் இருக்கு, யானை இருக்கு, பூப்பறிக்கறவங்க இருக்காங்க, கோடா எடுத்துப் போட்டா ஒரு வாரம் உக்காந்து ரசிச்சுப் பண்ணலாம். அச்சடிக்க சிவகாசி இருக்கு. பதிப்பாளருங்க மனசு வெச்சா ஆகாத காரியமா?

கதைப் புத்தகத்துக்கும் இதே கத தான். எங்க அம்மா பஸ் ஸ்டாண்டு கடைல தொங்கற மாத நாவல படிச்சு வளர்ந்தவங்க. ராஜேஷ்குமார், ரமணிசந்திரன்னு சொன்னா மொகமே மலரும். சிலர் இதெல்லாம் இலக்கியமான்னு கேப்பாங்க, அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், காலம் பூரா சமைச்சு, வேலைக்குப் போயி, பிள்ளைங்கள வளர்த்து விட்டவங்க மத்தியானம் ஒரு மணி நேரம் கொலையாளி யாருன்னு தேடறாங்க, தேடட்டும், அது அவங்க உரிமை. எனக்கு அந்தக் கதைங்க மேல எந்தக் கொறையும் இல்ல, எழுத்து சைஸ் தான் கொற. நியூஸ்பிரிண்ட்ல பொடி எழுத்துல அடிச்சா தமிழ்ல புள்ளி காணாமப் போயிடுது, கி எது கீ எதுன்னு தெரியல, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பான்னு தடவிப் பாக்க வேண்டி இருக்கு, ஒரு வரி படிக்கறதுக்குள்ள கத மறந்துடும், தலைவலி வந்துடும்.

இங்கிலாந்துல 1964லயே அல்வர்ஸ்கிராஃப்ட்னு ஒரு கம்பெனி கண்ணு மங்கினவங்களுக்குன்னே பெரிய எழுத்துல நாவல் போட ஆரம்பிச்சது, அங்க லைப்ரரில அதுக்குன்னு தனி அலமாரி உண்டு. எழுத்து சைஸ் 16 பாயிண்டுக்கு (அச்செழுத்த அளக்கற அளவு) கொறையாம இருக்கணும்னு கணக்கு வெச்சிருக்காங்க. தமிழ்ல நான் கேட்ட கடைங்கள்ல அப்படி ஒண்ணும் கெடைக்கல, பெரிய எழுத்துன்னு கேட்டா பக்திப் புக்கத்தான் எடுத்து நீட்டறாங்க. நம்ம அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளருங்க 100 பேருக்கு மேல இருக்காங்க, கல்கி உள்பட, ராயல்டி கூட கொடுக்க வேண்டாம், யார் வேணா போடலாம். அத்தன பேர் போட்டும் எல்லாரும் அதே பொடி எழுத்துல, தலகாணி சைஸ்ல போடறாங்க, படுத்துக்கிட்டு தூக்கிப் பிடிக்க முடியல. பத்து பாகமா பிரிச்சு, பெரிய எழுத்துல, கைல அடங்கற கனத்துல போட்டா வாங்கறதுக்கு நாங்க இருக்கோம். டேப்லெட்ல எழுத்தப் பெருசாக்கிப் படிக்கலாமேன்னு சொல்வாங்க, மதுரைத் திட்டம் 1998லேர்ந்து நெட்ல இலவசமா நூல் போடறாங்க, பெரிய சேவை தான், பழகினவங்க தாராளமா அதுல படிக்கட்டும், ஆனா எங்க அம்மா மாதிரி பக்கம் திருப்பினா தான் படிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

சொத்து வரியோட நூலக வரியும் சேத்துதான் கட்டறோம், அந்த உரிமைல கேக்கறேன், மதுரைல 2023ல தொறந்த கலைஞர் நூலகத்துலயும் தெருக்கோடி கிளை நூலகத்துலயும் முதியவங்களுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புக்குன்னு தனியா ஒரு தட்டு ஒதுக்கணும், சின்னக் கதை, துப்பறியும் கதை, நகைச்சுவைன்னு லேசா இருக்கறது, படி ஏறாம கீழ்த்தளத்துலயே, குனியாம எடுக்கற உயரத்துல வெக்கணும்.

நம்ம பேப்பர்கிட்டயும் ஒரு வேண்டுகோள். ஞாயித்துக்கிழம இணைப்புல அரைப் பக்கத்துக்கு ஒரு கோலமோ, தூண் சிற்பமோ தடிச்ச கோட்டுல போடுங்க, பின்பக்கம் விளம்பரம் வர்ற மாதிரி பாத்துக்கோங்க, நியூஸ்பிரிண்ட்ல ஸ்கெட்ச் பேனா ஊறும், பென்சில் மட்டும் போதும்னு கீழ ஒரு வரி சேத்துடுங்க. தொடர்கதைக்கு எழுத்த ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க, அதுக்கு எடம் பத்தலன்னா கதைக்கு மேல போடற பெரிய படத்த சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.